பதில்: சயனோடைப் பிரிண்ட்ல இலை ஓரம் மங்கலா வருது

சகோ, பெரணி இலை வச்சு எடுத்த சயனோடைப் பிரிண்ட்ல (மருந்து பூசின பேப்பர் மேல பொருள வச்சு வெயில்ல காட்டி, தண்ணில அலசி எடுக்குற நீலப் படம்) ஓரமெல்லாம் மங்கலா இருக்கு, அலசினா நீலமும் போயிடுதுன்னு கேட்டிருந்தீங்க. பச்சை இலைன்னா பேப்பரோட ஒட்டாம தூக்கிட்டு நிக்கும், அந்த இடைவெளில வெளிச்சம் நுழைஞ்சிடும். நியூஸ்பேப்பர் நடுவுல வச்சு கனம் ஏத்தி நல்லா காயவிடுங்க, அப்புறம் மேல கண்ணாடி வச்சு கிளிப் போட்டு இறுக்குங்க.

அன்னா அட்கின்ஸ்ங்கிற தாவரவியலாளரோட கடல்பாசி பிரிண்ட்களை அவசியம் பாருங்க. ஜான் ஹெர்ஷல்ங்கிற விஞ்ஞானி 1842ல இந்த முறைய கண்டுபிடிச்சார், அடுத்த வருஷமே அன்னா இங்கிலாந்துல இதை வச்சு புத்தகமே போட ஆரம்பிச்சிட்டாங்க, 1853 வரைக்கும் பகுதி பகுதியா வந்துச்சு, இவ்ளோ பொடிசான பாசிய கையால துல்லியமா வரையறது கஷ்டம், அதான் இந்த வழின்னு முன்னுரையிலயே சொல்லியிருக்காங்க. அறிவியலுக்காக செஞ்சதுதான், ஆனா அந்த நீலத்துல வெள்ளையா விரியுற பாசிய பாத்தா கண்ண எடுக்க முடியாது!

நீலம் போறதுக்கு வெயில் பத்தாததுதான் பெரும்பாலும் காரணம். பூசின இடம் நீலத்த தாண்டி சாம்பல் பூத்த மாதிரி ஆகுற வரைக்கும் விடுங்க. போர் தண்ணில காரத்தன்மை அதிகம்னா அதுவும் நீலத்த வெளுக்க வச்சிடும், முதல் அலசலுக்கு கொஞ்சம் வினிகர் கலந்து பாருங்க.