4×5 கேமரால மூலையெல்லாம் இருட்டா இருக்கா? ஃப்ரெனல் எந்தப் பக்கம் போடணும்?

பர்மாவுல மோல்மேன்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "கையில பழைய 4×5 இன்ச் ஃபிலிம் போடுற வியூ கேமரா, 90 எம்எம் எஃப் 8 லென்ஸ். ரங்கூன் அனவ்ரத்தா ரோட்டு காளியம்மன் கோயிலை உள்ள இருந்து எடுக்கணும். ஆனா பின்னாடி பிம்பம் விழுற சொரசொரப்புக் கண்ணாடில நடுவுல மட்டும் மங்கலா தெரியுது, நாலு மூலையும் ஒரே கருப்பு. வட்டவட்டமா வரி போட்ட ஃப்ரெனல் லென்ஸ் தகடு போட்டா சரியாயிடுமா, எந்தப் பக்கம் போடணும்?"

மூலை சரியாகும் தங்கச்சி, நடு அவ்வளவா மாறாது. லென்ஸ்ல இருந்து மூலைக்கு வர்ற வெளிச்சம் சாஞ்சு வந்து, கண்ணாடியைத் தாண்டி அதே சாய்வுல வெளிப்பக்கமா ஓடிடுது, உங்க கண்ணு நடுவுல இருக்கு, அதனால அங்க வர்றதே இல்ல. ஃப்ரெனல் அதை மடக்கி கண்ணுப் பக்கம் திருப்புது, அவ்வளவுதான் அதோட வேலை. நடு மங்கலா இருக்கிறது எஃப் 8-னால (இந்த நம்பர் ஏற ஏற லென்ஸ் துவாரம் சின்னது), எஃப் 5.6 லென்ஸ்ல வர்றதுல பாதி வெளிச்சம்தான் உள்ள வருது, அதுக்கு எந்த பிளாஸ்டிக் தகடும் மருந்து இல்ல. அதே மாதிரி ஃபிலிம் மூலைக்கும் வெளிச்சம் கம்மியாத்தான் விழும், வைடு லென்ஸ்ல கணக்குப்படி ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் பாதியாகுறது) வரைக்கும் குறையும், ஃப்ரெனல் கண்ணுக்கு மட்டும்தான் உதவும், நெகட்டிவுக்கு இல்ல.

காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டி பாத்திரம் கழுவுற சோப்பு, மெல்லிசு பிரஷ் வச்சு கழுவுங்க. கன்னத்துல தனக்கா (மரப்பட்டை அரைச்ச பூச்சு) பூசிக்கிட்டு கண்ணாடில மூஞ்சிய ஒட்டிப் பாக்குறோம், அந்தப் பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து ஒரு படலமாவே உக்காந்திருக்கும். காய்ஞ்சதும் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பாக்குற மாதிரி மாட்டுங்க, திருப்பி மாட்டினா ஃபோகஸே தப்பாயிடும்.

அடுத்து கருப்புத் துணி. நம்ம ஊர்ல இதுக்கு கைலியை விட நல்ல சாமான் கிடையாது, ஏற்கனவே சுத்தி தைச்சிருக்கு, ஒரு வாயில எலாஸ்டிக் கோத்து கேமரா பின்பக்கம் மாட்டிட்டு இன்னொரு வாய் வழியா தலையை விட்டா பக்கத்துல இருந்து வெளிச்சம் வராது. ஒத்தைப் பருத்தி போதாது, ரெண்டு அடுக்கு வேணும், வெயில்ல எடுக்கிறதா இருந்தா வெளியடுக்கு வெள்ளையா இருக்கட்டும். உள்ள போனதும் உடனே ஃபோகஸ் பண்ணாதீங்க, ரெண்டு மூணு நிமிஷம் கண்ணு பழகட்டும். அப்புறம் தலையை நகர்த்தி, கண்ணு, மூலை, லென்ஸ் மூணும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி சாஞ்சு பாருங்க, ஃப்ரெனல் இல்லாமலே அந்த மூலை பளிச்சுனு எழும். எனக்கு இது போதும்னே தோணும், ஆனா முழு ஃப்ரேமையும் ஒரே பார்வையில பாத்து கட்டம் கட்டணும்னா ஃப்ரெனல் வேணும்தான்.

போடுறதா இருந்தா உங்க கண்ணுப் பக்கம், கண்ணாடிக்கு வெளிய போடுங்க, வரிவரியா இருக்கிற பக்கம் கண்ணாடியைத் தொடட்டும். அப்படிப் போட்டா ஃபோகஸ் துளி கூட மாறாது. லென்ஸ் பக்கம் வச்சா தகட்டோட கனத்துல சுமார் மூணுல ஒரு பங்கு ஃபோகஸ் தள்ளும். ஒன்றரை எம்எம் தகடுன்னா அரை எம்எம்தானேன்னு விட்டுடாதீங்க, 90 எம்எம் லென்ஸ்ல 5 மீட்டர்ல இருக்கிற தூணை கூர்மையா வச்சா, ஃபிலிம்ல கூர்மை ஒரு மீட்டருக்கு மேல முன்னாடி வந்து விழும். 'கிராஃபிக்'ங்கிற பேர்ல வந்த பழைய கேமரா சிலதுல எக்டாலைட்னு ஃப்ரெனலை கம்பெனியே லென்ஸ் பக்கம் வச்சு, கணக்குப் பண்ணித்தான் செஞ்சிருக்காங்க, உங்களது அந்த வகைன்னா கை வைக்காதீங்க, கழட்டினாலும் ஃபோகஸ் போயிடும்.

முதல்ல புத்தகக் கடையில எழுத்தைப் பெருசாக் காட்டுற பிளாஸ்டிக் தகடு விப்பாங்களே, அதை வாங்கி டேப் ஒட்டிப் பாருங்க. வட்டங்களோட மையம் கண்ணாடி நடுவுல வர்ற மாதிரி வெட்டணும், ஓரமா வெட்டினா பிரகாசமும் ஓரத்துக்குப் போயிடும். வரி தடிமனா இருக்கும், லூப் (ஃபோகஸ் பாக்குற சின்ன பூதக்கண்ணாடி) வச்சா அதுதான் பெருசாத் தெரியும், அதனால கட்டம் கட்டிட்டு, தகட்டை எடுத்துட்டு, வெறும் கண்ணாடில லூப் வச்சு ஃபோகஸ் பண்ணுங்க. நல்ல ஃப்ரெனல் வாங்குறப்போ வைடு லென்ஸுக்கு குட்டை ஃபோகல் லெந்த் உள்ளதாக் கேளுங்க, 300 எம்எம்முக்கு பொருந்துறது 90-க்கு மூலையை முழுசா எழுப்பாது.

யாராவது கண்ணாடில தேங்கா எண்ணெய், வாஸ்லின் தடவச் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க. பிரகாசமாத்தான் ஆகும், ஏன்னா சொரசொரப்பு நிரம்பி வெளிச்சம் நேரா ஊடுருவிடுது, ஆனா பிம்பம் உக்கார்றதுக்கு அந்த சொரசொரப்புதான் இடம், அது போனா எது கூர்மைன்னு கண்ணுக்குப் பிடிபடாது.

கோயிலுக்குள்ள, அனுமதி வாங்கிட்டு, முன் தூண்கிட்ட ஒரு சின்ன டார்ச், கடைசி சுவர்கிட்ட ஒண்ணு, கேமராவைப் பாக்குற மாதிரி வைங்க. அந்த பல்பை லூப்ல பாத்தா எஃப் 8-லயும் கூர்மை தெளிவாத் தெரியும். ரெண்டுக்கும் பெல்லோஸ் (கேமராவோட மடிப்புத் துருத்தி) எங்க நிக்குதுன்னு பென்சில்ல குறிச்சுட்டு நடுவுல வச்சு, லென்ஸ் துவாரத்தை எஃப் 22-க்குச் சின்னதாக்கி, டார்ச்சை எடுத்துட்டு எடுங்க. எரியுற விளக்கு ஏற்கனவே இருந்தா டார்ச்சே வேணாம், சுடரே போதும்.

இன்னொண்ணு, ஃப்ரெனலை ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீங்க, பிளாஸ்டிக் வெடிப்பு விடும், ஊதித் தூசி தட்டினாப் போதும். மழைக்காலத்துல கண்ணாடியோட சேர்த்தே பூட்டி வைக்காம தனியா எடுத்து வைங்க, நடுவுல ஈரம் நின்னா பூஞ்சை வந்துடும்.