மூளைப் படத்தில் சிவப்பு. 40 சிட்டிங்குக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. ஒன்றரை ஆண்டுக்கு முன் லாரி மோதி காலில் ராடு வைத்தார்கள், தலையிலும் சின்ன ஆபரேஷன். உடம்பு தேறிவிட்டது. ஆனால் ஹாரன் கேட்டாலே நடுங்குகிறார், இரவில் அலறி எழுகிறார், பைக்கைத் தொடுவதில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரு சென்டருக்கு அழைத்துப் போனார். ‘பிரெய்ன் மேப்பிங்’ எடுத்து, சிவப்பாக இருக்கும் இடத்தில் அதிர்ச்சி பதிந்திருக்கிறது, காந்த சிகிச்சை 40 சிட்டிங்கில் அழித்துவிடலாம் என்கிறார்கள். ஒன்றரை லட்சம், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி. கட்டலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கட்டாதீர்கள்.

அந்த வண்ணப் படம் வேறொன்றுமில்லை, இ.இ.ஜி. என்ற மூளை மின்னலைப் பதிவுக்குக் கம்ப்யூட்டர் பூசிய நிறம். கண் சிமிட்டினாலும், பல்லைக் கடித்தாலும், முந்தைய இரவு தூக்க மாத்திரை போட்டிருந்தாலும் நிறம் மாறும். உங்கள் கணவருக்கு இருப்பது பி.டி.எஸ்.டி. என்ற அதிர்ச்சி நோயாக இருக்கலாம். அதை எந்த ஸ்கேனும் காட்டாது. உட்காரவைத்துப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பி.சி.எல்-5 என்று 20 கேள்விப் படிவம் இருக்கிறது. மொத்தம் 80 மதிப்பெண். 31-33க்கு மேல் போனால் முழுப் பரிசோதனை தேவை. சிகிச்சை தொடங்கிய பிறகும் அதையே நிரப்பிப் பாருங்கள். 10 மதிப்பெண்ணாவது இறங்கினால்தான் முன்னேற்றம். பேப்பர் செலவுதான் என்பதால் சென்டர்காரர்களுக்கு அதில் ஆர்வமிருக்காது.

முதலில் செய்ய வேண்டியது அதிர்ச்சியையே மையமாக வைத்த பேச்சு சிகிச்சை. அதில் ஒரு வகை ஈ.எம்.டி.ஆர்.; 2013இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. விபத்துக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடவலமாக அசைவதைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இப்போது என்ன தோன்றுகிறது என்று கேட்பார்; இடையிடையே பதற்றம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்றும் கேட்பார். வாரம் ஒருமுறை, 60 முதல் 90 நிமிடம். ஒரே விபத்து என்றால் பெரும்பாலும் 6 முதல் 12 முறை போதும். விளக்குப் பட்டை, ஹெட்செட் என்று தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள், விரல் போதும். தொடக்கத்தில் கெட்ட கனவு கூடலாம். பலர் அங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

காந்த சிகிச்சை, அதாவது டி.எம்.எஸ்., பொய்யல்ல. அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு 2008இல், ஓ.சி.டி. என்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு 2018இல் அனுமதி கிடைத்தது. பி.டி.எஸ்.டி.க்குக் கிடைக்கவில்லை. கடும் மனச்சோர்வும் சேர்ந்து, இரண்டு மருந்துகளை முழு அளவில் ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டும் அசையவில்லை என்றால் யோசிக்கலாம். ‘பதிவை அழிக்கும்’ என்பது மட்டும் சுத்தக் கதை.

அப்படி யோசிக்கும் நிலை வந்தாலும், உங்கள் வீட்டில் ஒரு விஷயத்தைப் பார்த்தாக வேண்டும். காலிலுள்ள ராடு பிரச்சினையில்லை, தூரம் அதிகம். பல் அடைப்பும் பரவாயில்லை. தலைதான் விஷயம். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள்: துளை போட்டு ரத்தம் மட்டும் எடுத்தார்களா, பிளேட், ஸ்க்ரூ, கிளிப் ஏதாவது வைத்தார்களா? காந்தச் சுருளிலிருந்து 30 செ.மீ.க்குள் காந்தம் இழுக்கும் உலோகமோ, காது கேட்க உள்ளே பொருத்தும் காக்ளியர் கருவியோ இருந்தால் கூடவே கூடாது. டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது; இருந்தாலும் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் எழுத்தில் வாங்குங்கள். உலோகமே இல்லாவிட்டாலும், அடிபட்ட மூளையில் வலிப்பு வர வாய்ப்பு கூடுதல். வலிக்கு டிராமடால் சாப்பிடுவது, குடியைத் திடீரென நிறுத்துவது, இரவெல்லாம் விழித்திருப்பது இவையெல்லாம் அதை இன்னும் கூட்டும். ஒழுங்கான இடத்தில் இவ்வளவையும் கேட்பார்கள். முதல் நாளே கட்டைவிரல் துடிக்கும் அளவைப் பார்த்துத்தான் காந்த வலுவை முடிவு செய்வார்கள். அதைச் செய்யாமல் மெஷினைத் தலையில் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அழைத்துப் போன ‘தெரிந்தவர்’ எத்தனை பேரை அங்கே அழைத்துப் போயிருக்கிறார் என்று மெல்ல விசாரியுங்கள். எங்கே போனாலும் ஒவ்வொரு சிட்டிங்குக்கும் தனித்தனியாகப் பணம், தனித்தனி ரசீது. ‘100 சதவீத கேரண்டி’ என்றால் வெளியே வந்துவிடுங்கள். உளவியலாளரின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண்ணைக் கேளுங்கள்; நம் நாட்டில் யார் யாரோ ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். இந்தச் சிகிச்சைகளோ வந்து போகிற வகை. சட்டம் வந்து இத்தனை வருடம் ஆகியும் இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் நேரமில்லை. அரசு மருத்துவமனையில் மருந்து எழுதித் தர மனநல மருத்துவர் இருப்பார். வாராவாரம் 90 நிமிடம் ஒதுக்க உளவியலாளர் எத்தனை இடத்தில் இருக்கிறார்? அந்த இடைவெளியில்தான் இந்த சென்டர்கள் கடை விரிக்கின்றன.

இப்போதைக்கு 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்துக்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிறகு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். செர்ட்ராலின் போன்ற மருந்து தேவையா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். அல்பிரசோலம், குளோனசிபம் போன்ற பதற்ற மாத்திரைகளை ஏற்கெனவே சாப்பிடுகிறார் என்றால் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய சி.டி. ஸ்கேன், மாத்திரை அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும். வண்ணப் படத்தை வீட்டிலேயே வைத்துவிடலாம்.