42 லட்சத்தை நம்பி ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள்

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவின் முதுநிலை மேலாளராக நாலரை ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மொத்த அனுபவம் 19 ஆண்டுகள். என் இப்போதைய சிடிசி (நிறுவனம் எனக்காக ஆண்டுக்குச் செலவிடுவதாகக் காட்டும் மொத்தத் தொகை) 31 லட்சம். மாதம் கையில் வருவது ஏறத்தாழ 1,76,000 ரூபாய். ஒரகடத்தில் உள்ள ஒரு நிறுவனம் பிளான்ட் ஹெட், அதாவது ஆலைத் தலைவர், பதவிக்கு 42 லட்சம் தருவதாக ஒரு கன்சல்டன்சி வழியாக ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. “முப்பத்தைந்து சதவீத உயர்வு, 30 நாளில் சேர வேண்டும், யோசிக்காதீர்கள்” என்கிறார் கன்சல்டன்ட். என் நோட்டீஸ் காலம் 90 நாள். இந்தப் பதவிக்கு 42 லட்சம் நியாயமான சம்பளம்தானா? ஏற்றுக்கொள்ளலாமா?

பதில்: பதவிக்கு அந்த எண் குறைவில்லை. ஆனால் உங்களுக்குத் தரப்படுவது 42 லட்சம் அல்ல. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பளப் பிரிவுப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி; பெரும்பாலோர் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிவிட்டு அறிவுரை கேட்கிறார்கள்.

அந்தப் பட்டியலின்படி அடிப்படைச் சம்பளம் 12,60,000, வீட்டு வாடகைப் படி 5,04,000, சிறப்புப் படி 10,50,000. மாதந்தோறும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரக்கூடியவை இந்த மூன்றும்தான். கூட்டினால் 28,14,000, அதாவது மாதம் 2,34,500 ரூபாய். மீதி என்னவென்று பாருங்கள். நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கு 1,51,200, அது உங்கள் பணம்தான், ஆனால் இப்போது வீட்டுச் செலவுக்கு உதவாது. பணிக்கொடைக்காக, அதாவது கிராஜுவிட்டிக்காக, 60,600 ரூபாய் போட்டிருக்கிறார்கள். பொது விதிப்படி ஐந்தாண்டு நிறைவதற்கு முன் விலகினால் அதில் ஒரு பைசாவும் கிடைக்காது; இதற்கு உள்ள ஒரு சலுகையைப் பின்னால் சொல்கிறேன். காப்பீட்டு பிரீமியம் 34,200. மாறுபடும் ஊதியம், அதாவது வேரியபிள், 8,40,000. கடைசியாக ‘தக்கவைப்பு போனஸ்’ என்ற பெயரில் 3,00,000; இது 24 மாதம் முடிந்த பிறகே தரப்படும் என்று அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஒரே முறை தரப்போகும் தொகையை முதல் ஆண்டுச் சம்பளத்தில் முழுவதுமாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

இனி வரி. புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக, 28,14,000க்கு உரிய வருமான வரி செஸ் உட்பட ஏறத்தாழ 4,18,000 ரூபாய் ஆகும். மாதத்துக்கு 34,800 அதற்குப் போய்விடும். உங்கள் பங்கு பி.எஃப். 12,600, தொழில் வரி ஓர் இருநூறு. கையில் நிற்பது 1,87,000க்குச் சற்றுக் குறைவு. இப்போது 1,76,000 வாங்குகிறீர்கள். ஆக, ‘முப்பத்தைந்து சதவீத உயர்வு’ மாதக் கணக்கில் பத்தாயிரத்துச் சொச்சம் ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. ஓசூரில் பிள்ளைகள் படிக்கும்போது ஒரகடத்தில் தனியாக ஒரு வீடு பிடித்தால் வாடகை மட்டுமே அந்தத் தொகையைத் தாண்டிவிடும்.

கன்சல்டன்ட் ஏன் இதைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவருக்குக் கூலி உங்கள் கையில் வரும் பணத்தின் மீது கணக்கிடப்படுவதில்லை. சிடிசியின் மீது கணக்கிடப்படுகிறது. இத்துறையில் வழக்கமான குறைந்தபட்சக் கட்டணம் ஆண்டுச் சிடிசியில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். பெரிய பதவிகளுக்கு அதற்கு மேலும் கேட்பார்கள். 42 லட்சத்துக்கு அது ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். அந்த மூன்று லட்சம் தக்கவைப்பு போனஸும், கிடைக்குமா என்று தெரியாத எட்டு லட்சத்துச் சொச்சம் வேரியபிளும் எண்ணிக்கையைப் பெரிதாக்க அவருக்கும் உதவுகின்றன, நிறுவனத்துக்கும் உதவுகின்றன. கடிதத்தை நிறுவனம் தயாரித்ததா, கன்சல்டன்ட் ‘ஆலோசனை’ சொல்லித் தயாரித்ததா என்பது எனக்குப் புரியாத ரகசியம் அல்ல. நீங்கள் சேர்ந்த பின் குறிப்பிட்ட நாள்களுக்குள், பெரும்பாலும் 90 நாளுக்குள், விலகினால் இலவசமாக இன்னோர் ஆளைத் தேடித் தர வேண்டும் என்பது அவர்களுடைய ஒப்பந்தம். ஆகவே முதல் மூன்று மாதம் வாரந்தோறும் நலம் விசாரிப்பார். நான்காவது மாதத்தில் உங்கள் அழைப்பை எடுக்க மாட்டார். பதிவுக் கட்டணம், ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை முன்பணம் என்று உங்களிடமே பணம் கேட்கும் இன்னொரு வகையினரும் உண்டு. பிளான்ட் ஹெட் பதவிக்கு ஆள் எடுக்கும் எந்த நிறுவனமும் வேலைக்கு வருபவரிடம் பணம் வாங்கச் சொல்வதில்லை. கேட்டால் அந்த எண்ணை முடக்கிவிடுங்கள், விவாதிக்க வேண்டாம்.

உங்கள் ஆஃபரின் உயிர்நாடி அந்த 8,40,000 வேரியபிள். அது முழுமையாக வந்தால் 31.2 சதவீத வரி போக ஏறத்தாழ 5,78,000 கையில் நிற்கும்; அப்போது இந்த வேலை மாறுவதற்கு அர்த்தம் உண்டு. வராவிட்டால் இல்லை. கடிதத்தில் அதற்கு எழுதப்பட்டுள்ள நிபந்தனைகளைக் கவனியுங்கள். அறுபது சதவீதம் குழுமத்தின் மொத்த லாபத்தைப் பொறுத்தது. உங்கள் ஆலையில் ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்தாலும், புனேயில் உள்ள சகோதர ஆலை நஷ்டப்பட்டால் அந்தப் பங்கு போய்விடும். மீதி நாற்பது சதவீதம் உற்பத்தி, தரம், சரக்கு அனுப்புதல், பாதுகாப்பு ஆகியவற்றைச் சார்ந்தது. அவற்றின் இலக்கு எண்கள் எங்கும் எழுதப்படவில்லை. தொகை வழங்கப்படும் நாளன்று நீங்கள் பணியில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. நிதியாண்டு மார்ச்சில் முடிந்தாலும் கணக்குத் தணிக்கை முடிந்து ஜூலை, ஆகஸ்டில்தான் பணம் வரும். ஜூன் மாதம் விலகினால் முழு ஆண்டு உழைப்பும் வீண். எல்லாவற்றுக்கும் மேலாக ‘நிர்வாகத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது’ என்ற ஒரு சொற்றொடர் இருக்கிறது. அது இருக்கும் வரை மேலே எழுதப்பட்ட எந்தக் கணக்கும் உங்களைக் காப்பாற்றாது. இதே பதவியில் இருந்தவருக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் வேரியபிள் எத்தனை சதவீதம் தரப்பட்டது என்று நேரடியாகக் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் ஒரே மின்னஞ்சலில் பதில் சொல்லும்.

பதவிக்கு என்ன விலை என்ற உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஓசூர், ஒரகடம், திருப்பெரும்புதூர் பகுதிகளில் என் மேசைக்கு வரும் கடிதங்களைக் கொண்டு சொன்னால், குடும்பத்தார் நடத்தும் சிறிய ஆலைகளில் ஆலைத் தலைவருக்கு 15 முதல் 25 லட்சம் வரை தருகிறார்கள். கார் நிறுவனங்களுக்கு நேரடியாகப் பொருள் தரும் நடுத்தர ஆலைகளில் 30 முதல் 50. வெளிநாட்டுத் தாய் நிறுவனம் உள்ள பெரிய ஆலைகளில் அதற்கு மேல். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு ஆலைகளில் சம்பளம் இரட்டிப்பாக வேறுபடுவதை அனுபவ ஆண்டுகள் தீர்மானிப்பதில்லை. லாப நஷ்டக் கணக்கு உங்கள் பொறுப்பில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. விலை பேசுவதும் மூலப்பொருள் வாங்குவதும் தலைமை அலுவலகத்தின் கையில் இருந்தால், விசிட்டிங் கார்டில் என்ன அச்சிட்டிருந்தாலும் நீங்கள் செலவைக் கட்டுப்படுத்தும் மேலாளர்தான். அதற்கான சம்பளம்தான் வரும். அசெம்ப்ளி மட்டும் நடக்கும் ஆலையைவிட வார்ப்படம், ஃபோர்ஜிங், வெப்பச் செயல்முறை உள்ள ஆலைக்குக் கூடுதலாகத் தருவார்கள், ஏனெனில் அங்கே ஒரு தவறு ஆயிரக்கணக்கான உதிரிகளைக் கழிவாக்கும். தொழிற்சங்கத்துடன் மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தத்தை வேலைநிறுத்தமின்றி முடித்த அனுபவம் இருந்தால் அதற்குத் தனி விலை உண்டு. உங்கள் சுயவிவரத்தில் அது இருக்கிறது, நீங்கள்தான் அதை மூன்றாம் பக்கத்தில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

ஆலை யாருக்குப் பொருள் தருகிறது என்பதும் முக்கியம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, மறைமலைநகர் ஆலையை மட்டுமே நம்பியிருந்த உதிரிபாக ஆலைகளின் மேலாளர்கள் எந்த நிலையில் வேலை தேடினார்கள் என்பதை இப்பகுதியில் உள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பும் ஆலை என்றால், அந்த அபாயத்துக்கு ஈடாக மாதச் சம்பளம் கூட வேண்டும். வேரியபிள் கூடினால் போதாது.

இன்னொன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொழிற்சாலை உரிமத்தில் ‘மேலாளர்’ என்று யாருடைய பெயர் பதிவாகிறது? பிளான்ட் ஹெட் பெயர்தான் வழக்கமாகப் பதிவாகும். பிரஸ் இயந்திரத்தில் ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் விரல் போனால், பாதுகாப்புத் தடுப்பு கழற்றி வைக்கப்பட்டிருந்தது உங்களுக்குத் தெரியாவிட்டாலும், வழக்கில் முதலில் அழைக்கப்படுவது அந்தப் பெயருக்குரியவர். அந்தப் பொறுப்பு உங்களுடையது என்றால், வழக்குச் செலவை நிறுவனம் ஏற்கும் என்ற உறுதிமொழியும், பாதுகாப்புச் செலவுக்குத் தலைமை அலுவலகத்தின் ஒப்புதலுக்குக் காத்திராமல் கையெழுத்திடும் அதிகாரமும் எழுத்தில் வேண்டும்.

இப்போது 30 நாள் விஷயம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் பணத்தை இழக்கப் பார்க்கிறீர்கள். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு தொடர்ச்சியான பணி தேவை என்பது பொது விதி. ஆனால் ஓர் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால் அது ஓர் ஆண்டுத் தொடர்ச்சியான பணியாகக் கருதப்படும் என்று சட்டமே சொல்கிறது. அதைக் கொண்டு, நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்தவருக்கும் பணிக்கொடை உண்டு என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மட்டுமே இயங்கும் நிறுவனங்களுக்கு 190 நாள் போதும். உங்கள் ஆலை ஆறு நாள் இயங்குவதால் 240தான். ஊதியத்துடன் கூடிய விடுப்பும் வார விடுமுறையும் கணக்கில் சேரும். ஊதியமில்லா விடுப்பு சேராது. நீங்கள் இப்போது நாலரை ஆண்டில் நிற்கிறீர்கள். 30 நாளில் விலகினால் ஐந்தாம் ஆண்டில் ஏறத்தாழ 210 நாளே ஆகியிருக்கும், பணிக்கொடை இல்லை. 90 நாள் நோட்டீஸை முழுமையாக முடித்தால் 270 நாளைத் தாண்டிவிடுவீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு ஆண்டாகக் கணக்கிடப்படுவதால் ஐந்து ஆண்டுக்குக் கிடைக்கும். உங்கள் இப்போதைய அடிப்படைச் சம்பளம் மாதம் ஒரு லட்சம். அதை 26ஆல் வகுத்து 15ஆலும் 5ஆலும் பெருக்கினால் குறைந்தது 2,88,461 ரூபாய், வரியில்லாமல். புதிய வேலையில் கூடுதலாக வரும் பத்தாயிரத்தை இரண்டு ஆண்டுக்கு மேல் சேர்த்தால்தான் இந்தத் தொகை வரும். உங்கள் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருப்பதால் மனிதவளத் துறையினர் ‘ஐந்து முழு ஆண்டு’ என்று வாதிடலாம். நீங்கள் பணியாற்றுவது தமிழ்நாட்டில். மறுத்தால் பணிக்கொடைக்கான உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். மேலாளர்களுக்கும் பொருந்தும் மிகச் சில தொழிலாளர் சட்ட உரிமைகளில் இது ஒன்று.

மிகச் சில என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் உங்களுக்குக் கீழே பணியாற்றும் ஆபரேட்டருக்குச் சம்பளப் பிரச்சினை வந்தால் தொழிலாளர் வழக்குகளுக்கென்றே தனி மன்றம் இருக்கிறது. நிர்வாகப் பதவியில் இருப்பவர் ‘தொழிலாளி’ அல்லர் என்பதால், எட்டு லட்சம் வேரியபிளை மறுத்தால் நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய் ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்க வேண்டியதுதான். 2019, 2020ஆம் ஆண்டுகளில் இயற்றப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுகள் கோப்பில் தூங்கின. விலகியவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளக் கணக்கு முடிக்க வேண்டும் என்று அவற்றில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பில் எழுதியிருக்கிறது, மேலாளருக்கும் சேர்த்தே. உங்கள் ஆஃபர் லெட்டரிலோ இன்னும் 45 நாள் என்றே அச்சிட்டிருக்கிறார்கள். யாரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியம். அதே தொகுப்பின்படி, படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். அடிப்படைச் சம்பளத்தை 30 சதவீதத்தில் நிறுத்தும் இந்தப் பட்டியல் பழைய வார்ப்பு. அதைத் திருத்தும்போது பணிக்கொடைக்கான கூடுதல் தொகையைச் சிறப்புப் படியிலிருந்து எடுப்பார்களா, நிறுவனமே ஏற்குமா என்பதை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஆலோசனை இதுதான்: மறுக்க வேண்டாம், இந்த வடிவில் ஏற்கவும் வேண்டாம். கன்சல்டன்டை விலக்கிவிட்டு நிறுவனத்தின் மனிதவளத் தலைவருக்கு நேரடியாக எழுதுங்கள். தக்கவைப்பு போனஸைச் சிடிசியிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். வேரியபிளில் மூன்று லட்சத்தையாவது மாதச் சம்பளத்துக்கு மாற்ற வேண்டும். மீதி வேரியபிள் உங்கள் ஆலையின் இலக்குகளை மட்டும் சார்ந்திருக்க வேண்டும். ‘முழு விருப்பம்’ என்ற சொல் நீங்க வேண்டும். சேரும் தேதி 90 நாளுக்குப் பிறகு இருக்க வேண்டும். அவர்களுக்கு 30 நாளில்தான் ஆள் வேண்டும் என்றால், நீங்கள் இழக்கும் 2,88,461 ரூபாயையும் நோட்டீஸ் காலத்தில் குறையும் நாள்களுக்காக இப்போதைய நிறுவனத்துக்கு நீங்கள் செலுத்த வேண்டிய தொகையையும் சேர்த்து, அவற்றின் மீது வரும் வரியையும் கூட்டி, சேரும்போதே போனஸாகத் தரட்டும். திருத்திய கடிதம் நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து, கையெழுத்துடன் வந்து சேரும் வரை ஓசூர் அலுவலகத்தில் யாரிடமும் ராஜினாமா பற்றி வாய் திறக்காதீர்கள்.