கறுப்பினக் கல்லூரி நூலகங்கள் ஒன்றுசேர்ந்து உண்மையில் என்ன செய்கின்றன?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகளின் நூலகங்கள் கூட்டமைப்பு வைத்துப் பாரம்பரியத்தைக் காக்கின்றன, தலைவர்களை உருவாக்குகின்றன என்று படித்தேன். நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? நூலகம் எப்படித் தலைவரை உருவாக்கும்?"

நான் வட கரோலினாவில் ஒரு பொது நூலகத்தில் பட்டியலாக்கம் பார்க்கிறேன், அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் போடும் வேலை. அந்தக் கல்லூரிகளில் வேலை செய்ததில்லை. ஆனால் இந்த நாட்டில் பட்டியலாக்கம் படித்த எவரும் அவர்களுடைய வேலையைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. சுருக்கமாகச் சொன்னால், பழைய தாள்களையும் படங்களையும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். அவற்றுக்காக நிர்வாகத்திடமும் நிதி தருபவர்களிடமும் போய் வாதாடத் தெரிந்த ஆட்களையும் சேர்ந்தே வளர்க்கிறார்கள். கேள்வியில் இவை இரண்டு வேலைகளாக இருக்கின்றன. எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. ஏன் என்பது கீழே.

முதலில் எந்தக் கல்லூரிகள் என்று பார்த்துவிடலாம். 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டப்படி, 1964-க்கு முன்பே, கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாக வைத்துத் தொடங்கப்பட்டவை 'வரலாற்றுக் கறுப்பினக் கல்லூரிகள்'. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எச்பிசியு என்பார்கள். இன்று ஏறக்குறைய நூறு இருக்கின்றன, பெரும்பாலும் தெற்கு மாநிலங்களில். வாஷிங்டனில் ஹோவர்ட், நாஷ்வில்லில் ஃபிஸ்க், அலபாமாவில் டஸ்கீகி, அட்லாண்டாவில் மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் என்று சில பெயர்கள் காதில் விழுந்திருக்கும். அடிமைமுறைக்கு முடிவுகட்டிய உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1865-க்கும் 1881-க்கும் இடையில் எழுந்தவை பல.

அந்த நூலகங்களில் அப்படி என்ன இருக்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் ஆர்வமே வராத பொருட்கள்தான். கல்லூரிப் பாடத்திட்டக் கையேடுகள், ஆண்டு மலர்கள், விடுதிக் கணக்குகள், பெயர் எழுதாத குழுப் படங்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை போட்டார்கள். அதில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமையாக இருந்தவருக்கு வயது, பால், நிறம் மட்டும். பெயர்க் கட்டமே கிடையாது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு கணக்கெடுப்பில் வருவது 1870-இல்தான் முதல்முறை. அதே ஆண்டுகளில் அச்சான ஒரு கல்லூரிக் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் மாணவர் பெயரும் சொந்த ஊரும் வரிசையாக இருந்தால், தன் கொள்ளுப்பாட்டனைத் தேடும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய துப்பு! வேறு எங்கும் இல்லாத பெயர் அங்கே இருக்கக்கூடும்.

இன்னொரு உதாரணம் டஸ்கீகி. மன்றோ வொர்க் என்ற சமூகவியலாளர் 1908-இல் அங்கே பதிவுகளுக்கும் ஆய்வுக்கும் ஒரு துறை தொடங்கினார். நாளிதழ்களிலிருந்து கறுப்பின மக்களைப் பற்றிய செய்திகளை வெட்டி, வகைபிரித்து அடுக்கினார்கள். கும்பல் கொலைகளின் கணக்கையும் ஆண்டுதோறும் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். 1882 முதல் 1968 வரை 4,743 பேர் கும்பலால் கொல்லப்பட்டனர், அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு டஸ்கீகியினுடையது. அரசாங்கம் எடுக்காத கணக்கை ஒரு கல்லூரி அறையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். அந்தக் கோப்புகள் பின்னால் மைக்ரோஃபிலிமுக்கு, அதாவது தாள்களைச் சுருக்கிப் படம்பிடிக்கும் ஃபிலிமுக்கு, போனதால்தான் வெளியூர் ஆய்வாளர்களுக்கும் கிடைத்தன.

அப்புறம் டாரதி போர்ட்டர் என்ற நூலகர். என் தொழிலில் இருப்பதால் இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1930-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், ஜெஸ்ஸி மூர்லாண்ட் என்ற பாதிரியார் 1914-இல் கொடுத்த 3,000-க்கும் மேற்பட்ட நூல்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. டியூவி தசமப் பகுப்பு என்பது நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் முறை. அப்போது பல நூலகங்கள் அதைக் கையாண்ட விதம் எப்படி என்றால், கறுப்பின மக்களைப் பற்றியோ அவர்கள் எழுதியோ ஒரு நூல் வந்தால் 326, அதாவது அடிமைமுறை. இல்லையென்றால் 325, குடியேற்றம். கறுப்பினக் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் எழுதிய கவிதை நூல்கூட 325-க்குத்தான் போனது என்று போர்ட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கவிதைக்கும் குடியேற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? எழுதியவரின் தோல் நிறம்தான் சம்பந்தம். போர்ட்டர் அதை உடைத்தார். கவிதையைக் கவிதையில், இசையை இசையில், வரலாற்றை வரலாற்றில் வைத்தார். இன்று கேட்டால் இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு எண்ணை மாற்றினால் அலமாரி மாறும், அலமாரி மாறினால் தேடுபவரின் கண்ணில் படும் பக்கத்து நூல்கள் மாறும். நாள் முழுக்க எண் போட்டுக்கொண்டிருக்கும் எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

நூல் வாங்க அவரிடம் பணமும் கிடையாது. பதிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கினார். இறந்தவர்களின் வீடுகளுக்குப் போய் மூலையில் கிடந்த தாள்களை எடுத்துவந்தார். 1946-இல் ஆர்தர் ஸ்பிங்கார்ன் என்ற வழக்கறிஞரின் நூல் சேகரிப்பைப் பல்கலைக்கழகம் வாங்கியது. 1973-இல் போர்ட்டர் ஓய்வு பெறும்போது மூர்லாண்ட்-ஸ்பிங்கார்ன் சேகரிப்பு உலகறிந்த ஆய்வு மையமாகிவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாமே தனிமனிதப் பிடிவாதத்தால் நடந்தவை. ஹோவர்டுக்கு ஒரு போர்ட்டர் கிடைத்தார், டஸ்கீகிக்கு ஒரு வொர்க் கிடைத்தார். கிடைக்காத கல்லூரிகள்? ஒரே ஒருவர் நூலகராகவும் காப்பகராகவும் இருந்து, அவர் ஓய்வு பெற்றதும் எந்தப் பெட்டியில் என்ன என்பதே யாருக்கும் தெரியாமல் போகும் சிறு கல்லூரிகள்? தெற்கின் வெப்பமும் ஈரப்பதமும் காத்திருக்காது. அசிட்டேட் ஃபிலிம் நெகடிவ்கள் சிதையத் தொடங்கினால் வினிகர் வாடை அடிக்கும்; வாடை வந்தபின் குளிரூட்டி வைத்துச் சிதைவை மெதுவாக்கலாம், பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. குளிர் அறைக்குப் பணம் வேண்டும். பணம் எங்கே? நிலக்கொடைச் சட்டப்படி வேளாண்மை, தொழில் கல்விக்காக நிறுவப்பட்ட அரசுக் கல்லூரிகளில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு 16 மாநிலங்கள் முப்பது ஆண்டுகளில் 12 பில்லியன் டாலருக்கும் மேல் குறைத்துக் கொடுத்திருக்கின்றன என்று 2023-இல் மத்திய அரசின் கல்வி, வேளாண் துறைச் செயலாளர்களே ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவே திணறும் இடத்தில் நெகடிவுக்குக் குளிர் அறை கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, கூட்டமைப்புக்கு வருவோம். இந்த நூலகங்களின் இயக்குநர்கள் 2002-இல் அட்லாண்டாவில் கூடி 'எச்பிசியு லைப்ரரி அலையன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தென்கிழக்கு நூலகங்களின் வலையமைப்பான சோலினெட் தொடக்கத்தில் கைகொடுத்தது. மெலன் அறக்கட்டளை நிதி கொடுத்தது. முதல் பெரிய வேலைகளில் ஒன்று, இந்தக் கல்லூரிகள் தோன்றிய காலத்துப் படங்களையும் ஆவணங்களையும் ஸ்கேன் செய்து ஒரே இணையச் சேகரிப்பாகக் கொண்டுவந்தது. கார்னெல் பல்கலைக்கழக நூலகம் மின்னாக்கத்துக்குப் பயிற்சி கொடுத்தது. சேகரிப்பு தங்கியிருப்பது அட்லாண்டாவின் ராபர்ட் உட்ரஃப் நூலகத்தில். அந்த நூலகமே ஒரு கூட்டு முயற்சி. மோர்ஹவுஸ், ஸ்பெல்மன், கிளார்க் அட்லாண்டா, ஓர் இறையியல் மையம் எல்லாம் சேர்ந்து நடத்துவது. 2006-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் கையெழுத்துத் தாள்கள் ஏலத்துக்கு வரவிருந்தபோது, அன்றைய மேயர் ஷெர்லி ஃபிராங்க்ளின் முன்னின்று 32 மில்லியன் டாலர் திரட்டி அவற்றை வாங்கினார்கள். கிங் படித்த மோர்ஹவுஸுக்குத் தாள்கள் சொந்தமாயின. வைத்துப் பாதுகாக்க உட்ரஃப் இருந்தது. அப்படி ஒரு இடம் இல்லாவிட்டால் வாங்கி என்ன செய்திருப்பார்கள்?

ஸ்கேன் திட்டத்தில் எனக்குப் பிடித்த அம்சம், மூலத் தாள் அந்தந்தக் கல்லூரியிலேயே இருப்பது. பிரதிதான் பொது இடத்துக்குப் போகிறது. "உங்களால் பராமரிக்க முடியாது, எங்களிடம் கொடுத்துவிடுங்கள்" என்று பெரிய இடத்திலிருந்து ஒரு கை நீளும்போது, பணமில்லாத கல்லூரி மறுப்பது கஷ்டம். கொடுத்தபின் தன் வரலாற்றைத் தானே அனுமதி கேட்டுப் பார்க்க வேண்டிய நிலை வரலாம். கூட்டாக நின்றால் மறுக்கலாம், அல்லது நிபந்தனை போடலாம். 2023-இல் ஹார்வர்ட் நூலகத்தோடு அறிவித்த கூட்டுத் திட்டத்தையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்குப் பரிகாரமாக ஹார்வர்ட் ஒதுக்கிய நிதியிலிருந்து 6 மில்லியன் டாலர், இந்த நூலகங்களின் மின்னாக்கத் திறனை வளர்ப்பதற்காக வருகிறது. ஒரு சிறு கல்லூரி தனியாக ஹார்வர்டுடன் மேசையில் உட்காருவதற்கும் கூட்டமைப்பாக உட்காருவதற்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

இனி தலைவர்கள். மேலே சொன்ன எதுவும் தானாக நடக்காது. திட்டம் எழுத வேண்டும், பட்ஜெட் போட வேண்டும், கல்லூரித் தலைவர் முன்னால் போய் நின்று 'நூலகத்துக்கு இது ஏன் வேண்டும்' என்று புள்ளிவிவரத்தோடு பேச வேண்டும். பட்டியலாக்கம் படித்த எங்களுக்கு யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை. அலையன்ஸ் மெலன் நிதியில் நடத்திய தலைமைப் பயிற்சி இந்தத் திறமைகளைத்தான் குறிவைத்தது. கூடவே, இந்த நூலகங்களின் ஊழியர்கள் தென்கிழக்கின் பெரிய ஆய்வு நூலகங்களுக்குப் போய்ச் சில நாட்கள் இருந்து வேலை பார்க்கும் பரிமாற்றமும் நடந்தது. இளங்கலை மாணவர்களுக்கு டெலவேர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கோடைக்காலப் பாதுகாப்புப் பயிற்சி. சம்பளத்தோடு ஆவணங்களைச் சுத்தம் செய்யவும் சீர்ப்படுத்தவும் கற்கிறார்கள். அமெரிக்காவில் ஆவணப் பாதுகாப்புத் தொழிலில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு என்பதால் இந்தச் சின்னத் திட்டத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தக் கல்லூரிகளின் நூலகங்கள் தலைவர்களைக் கொடுத்தது புதிதல்ல. ஜார்ஜியாவில் சவான்னா ஸ்டேட் கல்லூரி நூலகராக இருந்த ஈ. ஜே. ஜோசியை மாநில நூலகச் சங்கம் நிறத்தைக் காரணம் காட்டிச் சேர்க்கவில்லை. 1964-இல் அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: கறுப்பின நூலகர்களுக்கு உறுப்பினர் உரிமை மறுக்கும் மாநிலச் சங்கங்களின் நிகழ்ச்சிகளில் தேசியச் சங்கத்தின் நிர்வாகிகள் கலந்துகொள்ளக் கூடாது. நிறைவேறியது. 1984-இல் அதே தேசியச் சங்கத்துக்கே தலைவரானார். நூலகர்கள் மட்டுமல்ல, மாணவர்களும் முன்னால் நின்றார்கள். மிசிசிப்பியில் 1961 மார்ச்சில், டூகலூ கல்லூரி மாணவர்கள் ஒன்பது பேர் முதலில் கறுப்பினத்தவருக்கான கிளை நூலகத்தில் போய்ச் சில நூல்களைக் கேட்டார்கள். அவை அங்கே இல்லை. பிறகு வெள்ளையருக்கு மட்டுமான ஜாக்சன் நகர நூலகத்துக்குப் போய் உட்கார்ந்து படித்தார்கள். படித்ததற்காகக் கைது செய்யப்பட்டார்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் நல்கையில் ஓடுகிறது. மூன்று நான்கு ஆண்டுக்குப் பணம் வரும், ஆள் எடுப்பார்கள், பணம் முடிந்ததும் அந்த ஆள் வேறு வேலைக்குப் போவார், அவர் பாதியில் விட்ட பட்டியல் அப்படியே கிடக்கும். தலைமைப் பயிற்சி எடுத்தவரைப் பெரிய பல்கலைக்கழகம் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. நூலகர்களை உருவாக்கும் ஊற்றும் சுருங்கியிருக்கிறது. அட்லாண்டாவில் 1941-இல் தொடங்கி, பல தலைமுறைக் கறுப்பின நூலகர்களைப் படிக்கவைத்த நூலகவியல் பள்ளி 2005-இல் மூடப்பட்டது. கறுப்பினக் கல்லூரிகளில் தேசியச் சங்க அங்கீகாரத்தோடு அதன்பின் எஞ்சியது டர்ஹாமில் உள்ள வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தின் பள்ளி மட்டும்தான். கூட்டமைப்பின் பயிற்சிகள் இந்த இடைவெளியில் ஒரு பகுதியை அடைக்கின்றன. இரண்டு ஆண்டுப் படிப்புக்கு அவை ஈடாகாது.

நேரம் இருந்தால் அலையன்ஸின் இணையச் சேகரிப்பைத் திறந்து பாருங்கள், இலவசம்தான். கட்டடப் படங்களில் தொடங்கினால் சீக்கிரம் சலித்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையேடு எதுவும் கண்ணில் பட்டால் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். மாணவர் பட்டியல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.