ஜெனரேட்டர்ல கரண்ட் எவ்ளோ போகணும்னு யாரு முடிவு பண்றா? உங்க கேள்விகளும் பதில்களும்

10 கேவிஏ ஜெனரேட்டர்ல ஒரே ஒரு பல்ப் போட்டா மொத்த கரண்டும் அதுல பாஞ்சு வெடிச்சிடாதா சார்?

வெடிக்காதுங்க. நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இது. ஜெனரேட்டர் கரண்ட்ட வலுக்கட்டாயமா தள்ளாது, வோல்டேஜ மட்டும் பிடிச்சு வச்சிருக்கும், எவ்ளோ இழுக்கணும்ங்கறது லோடோட (அதுல மாட்டியிருக்கிற பல்ப், மோட்டார் மாதிரி சாமானோட) வேலை. 100 வாட் குண்டு பல்ப் எரியும்போது ரெசிஸ்டன்ஸ் சுமார் 530 ஓம், 230 வோல்ட்ட அதால வகுத்தா 0.43 ஆம்ப், அவ்ளோதான் போகும். கேவிஏங்கறது வோல்ட்டையும் ஆம்ப்பையும் பெருக்கி ஆயிரத்தால வகுத்தது; சிங்கிள் பேஸ்ல 10 கேவிஏன்னா 43 ஆம்ப் சொச்சம் வரும், அது வைண்டிங் (உள்ள இருக்கிற காயில்) சூடு தாங்குற எல்லை, எப்பவும் அவ்ளோ வரும்னு அர்த்தம் இல்ல.

ஆக்ஸிலேட்டர கூட்டினா கரண்ட் கூடுமா?

வேகம், காந்தப்புலம், காயில் சுத்து இந்த மூணும்தான் வோல்டேஜ முடிவு பண்ணும். ஏவிஆர் (வோல்டேஜ தானா சரி பண்ற கருவி) இல்லாத மெஷின்னா வேகம் ஏற ஏற வோல்டேஜ் ஏறும், அதனால கரண்டும் கூடும், பல்ப் போயிடும். ஏவிஆர் இருந்தா காந்தப்புலத்த உண்டாக்குற ஃபீல்ட் கரண்ட்ட குறைச்சு வோல்டேஜ அங்கயே நிறுத்திடும், ஆனா ஃப்ரீக்வென்சி ஏறிடும். 4 போல் (காந்த முனை) மெஷின் 50 ஹெர்ட்ஸுக்கு 1500 ஆர்பிஎம்ல ஓடணும். தயவுசெஞ்சு கை வைக்காதீங்க.

ஹீட்டர் ஆன் பண்ணதும் இன்ஜின் சத்தம் மாறுதே, அதுக்கு எப்படி தெரியுது?

ஒரு சின்ன டிசி மோட்டார் எடுத்து ஷாஃப்ட்ட விரலால சுத்திப் பாருங்க, லேசா சுத்தும். இப்ப ரெண்டு ஒயரையும் ஒட்ட வச்சிட்டு சுத்துங்க, யாரோ உள்ளேர்ந்து பிடிச்சு இழுக்கற மாதிரி இறுகும். கரண்ட் ஓட ஆரம்பிச்சதும் அது உண்டாக்குற காந்தப்புலம் சுத்தறதையே எதிர்க்குது, லென்ஸ் விதி. ஜெனரேட்டர்லயும் அதேதான், ஹீட்டர் கரண்ட் இழுத்ததும் ஷாஃப்ட் கனமாகுது, வேகம் துளி குறையுது, கவர்னர் (இன்ஜின் வேகத்த பாத்துக்கற அமைப்பு) அத பிடிச்சு டீசல கூட்டி விடுது, நீங்க கேக்குற சத்தம் அதான். டார்க், அதாவது சுத்தற விசைய, இன்ஜின் கொடுத்தே ஆகணும், ஓசில வராது.

2 ஹெச்பி மோட்டார் போட்டா லைட் மங்குது.

நேரடியா ஸ்டார்ட் பண்ணா மோட்டார் அஞ்சாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த கரண்ட் வைண்டிங்கோட சொந்த இம்பீடன்ஸ் (ஏசி கரண்ட்டுக்கான மொத்த தடை) வழியா வர்றப்ப வோல்டேஜ் உள்ளயே கொஞ்சம் தொலையுது. மோட்டார முதல்ல போட்டுட்டு மத்தத அப்புறம் போடுங்க.

லோடு ரெசிஸ்டன்ஸ்தான் கணக்குன்னா, ஷார்ட் ஆனா கரண்ட் எல்லையில்லாம போகுமா?

போகாது. வைண்டிங்கோட ரியாக்டன்ஸ் (காயிலா இருக்கறதால ஏசிக்கு வர்ற தடை) தடுக்கும். முதல் சில சைக்கிள்ல ரேட்டிங்க விட பல மடங்கு போகும், அப்புறம் இறங்கும். இதுல ஒரு சிக்கல் இருக்கு: எக்ஸைடேஷனுக்கான (ஃபீல்டுக்கு கரண்ட் கொடுக்கறதுக்கான) பவர அதே அவுட்புட்லேர்ந்து எடுக்குற சின்ன மெஷின்ல ஷார்ட் ஆனதும் வோல்டேஜ் படுத்துடும், ஃபீல்டும் கூடவே படுத்துடும், பிரேக்கர ட்ரிப் பண்ற அளவுக்கு கரண்டே மிஞ்சாம போகலாம். அதனால ஜெனரேட்டருக்கு பிரேக்கர் வாங்கும்போது ஆம்ப் மட்டும் பாக்காம, அதோட மேக்னடிக் ட்ரிப் (ஷார்ட் ஆனா உடனே விழுற ஏற்பாடு) ரேட்டிங்க போல எத்தன மடங்குல விழும்னும் பாருங்க.