'எல்லாம் என்னாலதான்' என்று சொல்லும் தம்பி

கேள்வி: நாங்கள் கம்பத்தில் இருக்கிறோம். தம்பி கம்பம்மெட்டுக்கு மேலே, இடுக்கிப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தான். 2024 கோடை வெயிலில் செடி பூராவும் காய்ந்துவிட்டது. அப்போதிலிருந்தே ஒடிந்துதான் போயிருந்தான். இப்போது மூன்று மாதமாக மலைக்கே போவதில்லை. சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். "எல்லாம் என்னாலதான், நான் இருந்து என்ன பிரயோசனம்" என்கிறான். டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். எண்ணப்போக்கை மாற்றும் சிகிச்சையும் வேண்டும் என்கிறார். அப்படியானால் தப்பாக யோசித்து இவனே நோயை இழுத்துக்கொண்டானா?

பதில்: முதலில் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற அந்த வார்த்தை. "செத்துப்போகலாம்னு தோணுதாப்பா?" என்று தம்பியிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்க ஆள் இருப்பதே பாரத்தைக் குறைக்கும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். டெலி மானஸ் 14416 இலவச எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் இழுத்துக்கொண்ட நோய் இல்லை இது. உடம்பின் வாகு, பரம்பரை, கடன், தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வருவது. எண்ணம் அதில் ஒரு கண்ணி. ஆனால் கை வைத்து அவிழ்க்கக்கூடிய கண்ணி.

ஏரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் இதைக் கவனித்தார். உள்ளுக்குள் திரும்பிய கோபம்தான் மனச்சோர்வு என்று அப்போது நம்பினார்கள். அதை உறுதிப்படுத்தவே நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கிடைத்ததோ கோபம் அல்ல, இழப்பும் தோல்வியும். விழித்திருக்கும்போதும் அதே எண்ணங்கள் மின்னல் மாதிரி வந்து போவதைக் கண்டார். நான் உதவாக்கரை, ஊர் என்னை மதிக்காது, இனி விடியாது: தன்னை, உலகை, எதிர்காலத்தை என மூன்றையும் ஒரே இருட்டில் பார்ப்பது.

1978இல் செலிக்மேன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் சொன்னது உங்கள் தம்பிக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். கெட்டது நடந்தால் காரணம் நான்தான், அது மாறவே மாறாது, எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று முடிவு கட்டுகிறவர் எளிதில் நொடிந்துபோகிறார். அந்தக் கோடையில் இடுக்கியில் பல இடங்களிலும் ஏலம் கருகியது. பக்கத்துத் தோட்டக்காரர் "வெயில் கெடுத்துடுச்சு" என்றிருப்பார். தம்பி "நான் கெடுத்துட்டேன்" என்கிறார். பச்சை வலை கட்டாதது, தண்ணீர் ஏற்பாடு செய்யாதது என்று அவர் பங்கு கொஞ்சம் இருக்கலாம். இல்லவே இல்லை என்று நீங்கள் சாதித்தால் அவர் நம்பப்போவதில்லை. வெயிலின் பங்கு எவ்வளவு, மழை இல்லாததன் பங்கு எவ்வளவு, தன் பங்கு எவ்வளவு என்று அவரையே பிரித்து எடை போட வைப்பதுதான் சிகிச்சை. 'நல்லதையே நினை' என்பது அல்ல அது.

இதில் ஒரு சுழல் உண்டு. மனம் சோர்வதால் படுத்தே இருக்கிறார். படுத்தே இருப்பதால் யாரையும் பார்ப்பதில்லை. "பாத்தியா, என்னை யாரும் தேடலை" என்று மறுபடி சோர்கிறார். இந்தச் சுழலைப் பேச்சைவிடச் செயல் சீக்கிரம் உடைக்கும். நாளைக் காலை டீக்கடை வரை கூடவே நடங்கள், பத்து நிமிடம் போதும். கிளம்புமுன் "அங்கே என்ன நடக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "எல்லாரும் கடனைப் பத்தித்தான் கேப்பாங்க" என்று எழுதலாம். வந்த பிறகு நடந்ததை அதன் கீழே எழுதட்டும். யாராவது கேட்டிருந்தால் அதையும் எழுதட்டும், மறைக்க வேண்டாம்.

"தைரியமா இரு", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க இருக்காங்க" வேண்டாம். முடியாதவரிடம் முடியும் என்று சொல்வது இன்னொரு குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும். "ரொம்ப பாரமா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பேச்சு சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒரு முறை, பன்னிரண்டு முதல் இருபது அமர்வு வரை போகும். தைராய்டு பரிசோதனை செய்ததா என்றும் கேளுங்கள். அடுத்த முறை நீங்களும் உள்ளே போங்கள். மூன்று மணி விழிப்பையும் "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்ற வார்த்தையையும் அவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள் சொல்லுங்கள்.