சாயங்காலம் ஆறரை மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடும் கை

கேள்வி: எனக்கு வயது 44. திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் எடுத்த டெஸ்டில், ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1 வந்தது. "சுகர் பார்டரில் இருக்கிறது, இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள்" என்றார் டாக்டர். மறுநாளே மிக்சர், பிஸ்கட், ஸ்வீட், பஜ்ஜி எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்ததும் டீயோடு ஒரு கை மிக்சர் எடுத்தவள், கால் கிலோ பாக்கெட்டில் பாதியைக் காலி செய்துவிட்டேன். அதோடு பழைய கதைதான். மாமியாரும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதால் வாங்காமல் இருக்கவும் முடியாது. காலையில் இரண்டு இட்லி, ஒரு மணிக்குச் சாதம், சாம்பார், ரசம், பொரியல். வீடு வந்து சேர ஆறரை. ராத்திரி ஒன்பதரைக்குத் தோசை. நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. எனக்கு மன உறுதி போதவில்லையா?

பதில்: மன உறுதியில் எந்தக் குறையும் இல்லை. நாலு நாள் எல்லாவற்றையும் விட்டு இருந்தவருக்கு அது நிறையவே இருக்கிறது. சிக்கல் உங்கள் மதியச் சாப்பாட்டில் இருக்கிறது. ஒரு மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், ஆறரைக்கு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். நடுவில் ஐந்தரை மணி நேரம் டீயைத் தவிர வயிற்றுக்கு எதுவும் போகவில்லை. மதியத் தட்டிலும் பெரும்பகுதி வெள்ளைச் சாதம். ஒரு கரண்டி சாம்பாரில் இருக்கும் பருப்பு மிகக் கொஞ்சம். புரதமும் நார்ச்சத்தும் குறைவான சாப்பாடு சீக்கிரம் செரித்துவிடும். நாலு, நாலரைக்கே பசி வந்திருக்கும், நீங்கள் டீயால் அதை அமுக்கியிருப்பீர்கள். உப்பும் எண்ணெயும் மாவும் மொறுமொறுப்பும் ஒன்றாகச் சேர்ந்த பண்டம் அந்தப் பசியோடு வருகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், யார் கையும் அங்கேதான் போகும்.

அதனால் மிக்சரை நிறுத்துவதற்கு முன்னால் நாலரை மணியைச் சரிசெய்யுங்கள். முந்தின ராத்திரி ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் அளவு, கொண்டைக்கடலையை ஊறப்போடுங்கள். காலையில் குக்கரில் நன்றாக வேகவிட்டு, கடுகு, கறிவேப்பிலை, ஒரு காய்ந்த மிளகாய் தாளித்து, தேங்காய்த் துருவல் கொஞ்சம் தூவிச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். இதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் கிடைக்கும். அலுத்துப்போனால் பச்சைப்பயறு, தட்டைப்பயறு என்று மாற்றலாம். நேரமில்லாத நாளில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் ஒரு டம்ளர் மோரும் போதும். பசித்த பிறகு தேடாமல், நாலரை ஆனதும் டப்பாவைத் திறந்துவிடுங்கள். மதியம் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலை இரட்டிப்பாக்கி, ஒரு முட்டையோ கெட்டியான பருப்புக் கூட்டோ சேருங்கள். இந்த இரண்டை மட்டும் இரண்டு வாரம் செய்யுங்கள். அதுவரை மிக்சரைப் பற்றி எந்தத் தீர்மானமும் வேண்டாம். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த மாற்றத்திலேயே சாயங்கால வேகம் பாதியாகத் தணிந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமை எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் கட்டுப்பாடாக இருந்தவர்களோ ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு உடைந்துவிட்டது என்ற எண்ணம் வந்ததும், "இன்றைக்குப் போச்சு, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று கை முழுக்கத் திறந்துவிடுகிறது. உங்கள் ஐந்தாம் நாளில் நடந்ததும் இதுவேதான். ஒரு கை மிக்சர் உங்கள் சர்க்கரையைக் கெடுத்துவிடாது. அதற்குப் பிறகு வந்த "எல்லாம் போச்சு" என்ற எண்ணம்தான் மீதி 100 கிராமைச் சாப்பிட வைத்தது. இனி அப்படி நடந்தால் விரதமோ தண்டனையோ வேண்டாம், ராத்திரிச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள். பட்டினி கிடந்தால் மறுநாள் சாயங்காலம் இதே இடத்துக்கு இன்னும் அதிகப் பசியோடு வந்து நிற்பீர்கள்.

நீங்கள் நிறுத்திய நாலு பண்டங்களும் உங்களுக்கு ஒரே மாதிரித் தொல்லை தருபவையா? ஒரு வாரம் சின்ன நோட்டில் எழுதிப் பாருங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, உட்கார்ந்தா நின்றுகொண்டா, அதற்கு முன்னால் என்ன நடந்தது. பிஸ்கட் இரண்டோடு நிற்கிறது, ஸ்வீட் பண்டிகைக்கு மட்டும், பஜ்ஜி மழை வந்தால்தான் என்று தெரியவரலாம். அவற்றை நிறுத்த வேண்டாம், அளவோடு இருக்கட்டும். தொட்டால் நிறுத்த முடியாத பண்டம் அநேகமாக ஒன்றோ இரண்டோதான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அது மிக்சர். எண்ணெய்ப் பலகாரம் 100 கிராமில் ஏறக்குறைய 500 கலோரிக்கு மேல் இருக்கும். கால் கிலோவில் பாதி என்றால் ஒரு முழு வேளைச் சாப்பாட்டுக்கு ஈடு.

வீட்டில் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மையான இடைஞ்சல்தான். கால் கிலோ பாக்கெட்டை நிறுத்திவிட்டுச் சின்ன பாக்கெட்டுகளாக, வாரத்துக்கு ஒருமுறை, ஆளுக்கு ஒன்று என்று வாங்குங்கள். மாமியாருக்கு வேண்டியதை அவர் அறையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். (அவருக்கு பி.பி. இருந்தால் உப்புக்காக அவருக்கும் இது நல்லது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பைத்தான் சொல்கிறது.) பிள்ளைகளுக்கு உங்களை இழுக்காத பண்டமாகப் பாருங்கள்: பொரி, அவல், வாழைப்பழம். நீங்கள் சாப்பிடும் நாளில் கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டை மூடிவைத்துவிட்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். அடுப்படியில் நின்றுகொண்டு டப்பாவிலிருந்து நேராக எடுப்பதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். அதில் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இனி அந்த ஆசை எழும் நேரம். முதலில் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இப்போது யாராவது சுண்டலோ இட்லியோ கொடுத்தால் சாப்பிடுவேனா? ஆம் என்றால் அது பசி, சாப்பிட்டுவிடுங்கள். தண்ணீரைக் குடித்துப் பசியை ஏமாற்றச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. மிக்சர்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றால் அது ஆசை. அது அலைபோல ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கிவிடும். பெரும்பாலும் கால் மணி, இருபது நிமிடம்தான். அந்த நேரத்தை வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டு கழிக்காதீர்கள். மனக்கண்ணில் அந்தப் பண்டத்தின் ருசியும் வாசனையும் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஆசையை வளர்க்கிறது. இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டெட்ரிஸ் என்ற வீடியோ விளையாட்டை 3 நிமிடம் ஆடினாலே ஆசையின் வேகம் குறைவதைக் கண்டார்கள். கண்ணும் கற்பனையும் கட்டங்களை அடுக்குவதில் மூழ்கிவிடுவதால் பண்டத்தின் படம் மங்கிப்போகிறது. எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் 15 நிமிட வேக நடை சாக்லேட் ஆசையைக் குறைத்தது. உங்களுக்குச் சுலபமான வழி, வீட்டுக்கு இரண்டு ஸ்டாப் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருவது.

டீக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் சர்க்கரைக் கணக்கில் மிக்சரைவிட இதுதான் பெரிது. ஒரு டீஸ்பூன் 5 கிராம் என்றால் நாலு டீக்கு 40 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டி, 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஒரேயடியாகச் சர்க்கரை இல்லாத டீக்குத் தாவாதீர்கள். இரண்டு வாரம் ஒன்றரை ஸ்பூன், அடுத்த இரண்டு வாரம் ஒன்று, பிறகு அரை. நாக்கு பழகிக்கொள்ளும், சில மாதத்தில் பழைய டீ திகட்டும். கடை டீக்கு "சர்க்கரை கம்மி" என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதற்கு மாறினாலும் ரத்தத்தில் ஏறுவது சர்க்கரைதான். சிறுதானிய முறுக்கும் எண்ணெயில் பொரித்ததுதான். "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டிலும் மைதாவும் கொழுப்பும் அப்படியே இருக்கும். பயமில்லாமல் சாப்பிடலாம் என்று விற்கப்படும் இவற்றை மக்கள் கூடுதலாகச் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வலிக்கிறது.

தூக்கத்தையும் கவனியுங்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 2004-ல் வெளியிட்ட சிறு ஆய்வில், இளைஞர்களை இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் ஆசை அதிகமானால், அது உங்கள் தோல்வி ஆகாது. அந்த வாரத்தில் புதிய கட்டுப்பாடு எதையும் தொடங்காதீர்கள்.

சில ஆசைகளுக்கு டயட் மருந்தில்லை. பச்சரிசி, திருநீறு, ஐஸ் கட்டி இவற்றைத் தின்னத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம், ரத்த டெஸ்டில் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். நம் பெண்கள் பலர் இதைச் சொல்ல வெட்கப்பட்டு வருடக்கணக்கில் மறைத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறையாவது வயிறு வலிக்கும் அளவுக்கு ஒளித்துச் சாப்பிட்டு, பிறகு குற்ற உணர்வில் தவிப்பது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்குச் சிகிச்சை உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளி யாராவது இதைப் படித்தால்: வியர்வை, நடுக்கத்தோடு வரும் திடீர்ப் பசியை ஆசை என்று அடக்காதீர்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, கால் மணி நேரத்தில் சோதித்துப் பாருங்கள்.

உங்களுடைய 6.1, ப்ரீடயபடீஸ் (நீரிழிவுக்கு முந்தைய நிலை) எனப்படும் 5.7 முதல் 6.4 வரையிலான எல்லைக்குள் இருக்கிறது. சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், இந்த மாதிரி முன்நிலையில் இருந்தவர்களுக்கு உணவு மாற்றமும் நடையும் மட்டுமே நீரிழிவாக மாறும் அபாயத்தை மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைத்தன. ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. அதனால் வாரா வாரம் டெஸ்ட் எடுத்துப் பதற வேண்டாம். நாலரை மணிச் சுண்டலைத் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், அதிலிருந்து மூன்று மாதம் கழித்து அடுத்த டெஸ்டை எடுத்து உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.